உத்தியான சம்பிரதாயங்களும் அவற்றின் லட்சணமும்

1821-இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் வேரூன்றிய சாஸ்திரீயத் தோட்டக்கலைப் பரம்பரையையோ, அதிலிருந்து கொழும்புக்கு வந்த ஆசான்களின் வரிசையையோ நம் தோட்டக்கலைச் சங்கத்து அங்கத்தினருக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆனால் மாளிகையைச் சூழ்ந்த உத்தியானம் என்ற தனிக்கலையில் பிரசித்தி பெற்றவர்கள் பாவா சகோதரர்களான பெவிஸும் ஜெஃப்றியும். 1929 முதல் பேருவளைக்கு அருகே 'பிரீஃப்' தோட்டத்தை வளர்த்த பெவிஸ், பச்சை மறைப்புகளுக்குள் நம்மைப் படிப்படியாக அழைத்துச் செல்பவர். 1948-இல் பெந்தோட்டைத் தெத்துவ வாவிக்கரையில் றப்பர்த் தோட்டமொன்றை வாங்கி, 2003-இல் மறையும்வரை அதை லுணுகங்கை என்ற உத்தியானமாகத் திருத்திக்கொண்டே இருந்த ஜெஃப்றியோ, பார்வையைத் திறந்துவிடுபவர். அங்கே கறுவாக் குன்றின் தலையைத் தணித்து, ஊர்ப்பாதையைத் தாழ்வான அகழிக்குள் மறைத்து, மகிழமரத்தடியில் ஒரு சீனத்துப் பெருஞ்சாடியை அவர் நிறுத்தியதனால், வீட்டு வாசலில் நிற்பவனின் கண் சாடியைத் தொட்டு, வாவியைக் கடந்து, கட்டகுலிய விகாரையின் வெண்ணிறத் தாதுகோபத்தில் போய்த் தங்குகிறது.

என் ஆசிரியர், கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து நம் சங்கத்துக்கே மூத்தவராக விளங்கிய பெரியவர், பேராதனை வழியில் பயின்றும் லுணுகங்கையையே சிரேஷ்டமாகக் கொண்டார். அங்கே ஜெஃப்றி ஈழத்தலரிக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவற்றை அகலப் படரச் செய்த பொறுமையை அவர் சொல்லிச் சொல்லி வியப்பார். காலையும் மாலையும் நிழல் விழும் திசையைப் பாராமல் எக்கிளையையும் எங்களைத் தொட விடமாட்டார். வெட்டுவாயில் மழைநீர் தேங்காதவாறு மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டச் செய்வார். ஈழத்தலரிக் கொப்பைப் பால் வற்றும்வரை சில நாட்கள் நிழலில் உலர்த்திய பின்னரே நட விடுவார்.

இன்று இத்தொழிலைச் செய்வோரில் யாரையும் குறித்து நான் சொல்லவில்லை. அவர்களிலும் திறமைசாலிகள் உளர். ஆயினும் வெள்ளவத்தை வளவுகளெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்ட இக்காலத்தில், எஞ்சிய நாலடி மண்ணையும் சீமெந்துக் கல்லால் மூடி, சுருட்டி வந்த புல்லை ஒரே பகலில் விரித்து, நன்றாயிருந்த மரத்தை இயந்திரத்தால் பந்து பந்தாகக் கத்தரித்துவிட்டு, அதற்கு உத்தியானம் என்று பெயரும் சூட்டிக் கூலி வாங்குவதைக் காண்கையில் நெஞ்சு பதறுகிறது. கத்தி தீட்டத் தெரியாதவன் ஆசானாகிறான். அவனைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நிழலின் அருமையும் தெரியாது, தூரத்தைக் காணும் ரசனையும் வாய்க்காது. ஒரு சந்ததியின் கண்ணே பழுதாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே, சங்கத்தின் வருடாந்தத் தோட்டப் பரிசுக்கு வருவோர், நடுவர் முன்னிலையில் ஒரு கிளையையேனும் தம் கையால் வெட்டிக் காட்ட வேண்டும் என்ற பழைய விதியை நிர்வாக சபையினர் மீண்டும் அமுலாக்குமாறு வேண்டுகிறேன்.