பேத்தைக்குத் துணை எதற்கு?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பட்டாணி பஃபர் என்று ஒரு குட்டிப் பேத்தை மீன் விற்கிறார்கள். மஞ்சள் கலந்த பச்சை உடம்பு, கரும்புள்ளிகள், தலைக்கு மீறிய கண்கள். பார்த்ததும் வாங்கத் தோன்றும். வாங்குகிறவர் கேட்பது, "அண்ணே, இதோட வேற என்ன மீன் போடலாம்?" பல இடங்களில் பதிலும் தயாராக இருக்கும்: "சின்ன மீன்தானே, எதோட வேணும்னாலும் போடுங்க."

பதில் தவறு என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். கேள்வி சரிதானா என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

பேத்தைக் குடும்பத்து மீன்களுக்கு நான்கே பற்கள். மேலே இரண்டும் கீழே இரண்டும் ஒட்டி அலகுபோல் ஆகிவிட்டவை. ஆயுள் முழுக்க வளர்பவை. நத்தை, நண்டு என்று ஓட்டோடு தின்றால்தான் தேயும். தேயாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான். பேத்தை வேட்டையாடுவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு கண் நம்மைப் பார்த்தபடி இருக்க, மறுகண் நத்தையின் மேல் நிற்கும். இரைக்கு முன்னால் அசையாமல் மிதந்து, வாலை ஒருபக்கமாக மடித்து, சட்டென்று ஒரு கடி. அதே கடி பக்கத்தில் போகும் கப்பியின் வாலில் விழுந்தால் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அதற்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அசைவதைக் கடித்துப் பார்ப்பது அதன் பிழைப்பு.

அப்படியும் துணைமீன் போடுகிறவர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. பயந்த மீன், மற்ற மீன்கள் பயமில்லாமல் நீந்துவதைப் பார்த்தால்தான் மறைவிலிருந்து வெளியே வரும்; இது பல இனங்களில் கண்ட உண்மை. பேத்தை கடித்துக் குதறிச் சிந்தும் மிச்சத்தைத் தரையில் மேயும் மீன் பொறுக்கிக்கொள்ளும். தென்னமெரிக்காவின் அமேசான் பேத்தைக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தவும் செய்கிறது. அது ஓயாமல் நீந்தும், கூட்டமாக வாழும். விரைவாக நீந்தும், துடுப்பு குட்டையான மீன்களோடு ஒத்துப்போகும். ஆனால் அதை வைத்து மற்றப் பேத்தைகளையும் எடைபோடுகிறோமே, அங்கேதான் சறுக்கல். நைல் நதியின் ஃபஹாகா சுமார் 43 செ.மீ. வளரும், காங்கோவின் எம்பு இரண்டடியையும் தாண்டும். ஃபஹாகாவோடு போட்ட எதுவும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இரைதான். பச்சைப் புள்ளிப் பேத்தையின் கதை வேறு. நன்னீர் மீன் என்று சொல்லி விற்கிறார்கள்; வளர்ந்தபின் அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். முகத்துவாரத்து மீனுக்கு நன்னீர் டெட்ராவைத் துணை சேர்த்தால் இரண்டில் ஒன்று தவறான தண்ணீரில் இருக்கிறது என்று பொருள்.

பட்டாணி பேத்தைக்கு வருவோம். கேரளத்தின் பம்பை, சாலக்குடி போன்ற ஆறுகளில் செடி அடர்ந்த ஓரங்களில் வாழ்வது. 1941-இல் ஹோராவும் நாயரும் விவரித்த இனம். முழு வளர்ச்சியில் மூன்று செ.மீ. அளவுதான். இதனுடன் சேர்க்கச் சொல்லும் பட்டியலில் டானியோ, ராஸ்போரா, ஓட்டோசிங்க்லஸ் எல்லாம் உண்டு. சுறுசுறுப்பான மீனைப் பேத்தையால் துரத்திப் பிடிக்க முடியாது என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் அது துணைமீனின் உயிரைக் காப்பதற்கான கணக்கு. பேத்தையின் வயிற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேத்தை உணவை முதலில் சுற்றிப் பார்க்கும், யோசிக்கும், பிறகுதான் கொத்தும். உறைய வைத்த இரத்தப்புழுவைப் போட்டால் அது யோசித்து முடிப்பதற்குள் டானியோக்கள் தட்டைக் காலி செய்துவிடும். காய்ந்த தீவனத்தைப் பெரும்பாலும் அது தொடாது. கடைசியில் கடிபட்ட மீன் ஒன்றுகூட இல்லாத தொட்டியில் பேத்தை வயிறு ஒட்டி இளைத்துக் கிடக்கும். நாமோ பொருத்தம் அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

துணைமீன் போடும் இந்தப் பழக்கத்தின் பெரிய குறை அதன் சாட்சியத்தில் இருக்கிறது. "என் தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தைச் சொல்கிறார்கள். குஞ்சு பேத்தை சாது. ஆணுக்கு வயிற்றில் கருங்கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் தோன்றும் வயதில்தான் எல்லை பிரிக்கும் சண்டை தொடங்குகிறது. தோற்றவர்கள் பேசாமல் மீனை மாற்றிவிடுகிறார்கள். வென்றவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். இதை நம்பி எழுதிய பட்டியல் எப்படி இருக்கும்?

இந்தச் சின்னப் பேத்தைக்கு உண்மையான துணை அதன் சொந்த இனம்தான். இரண்டடித் தொட்டியில், சுமார் 55 லிட்டர் தண்ணீரில், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி செடிகளை அடைத்து, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று ஆறு மீன் விட்டால் ஒன்றன்மேல் மட்டும் அடி விழாது. இதிலும் ஓட்டை உண்டு. கடையில் இருக்கும் வயதில் ஆண் பெண் தெரியாது. ஆறு வாங்கினால் நான்கு ஆணாக அமையலாம்; மிஞ்சிய ஆணை எடுத்து வைக்க வேறு இடம் இல்லாதவர் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பிடித்தவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்துள்ள இனங்களில் ஒன்று. நம் தொட்டியில் செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை.

என் தீர்ப்பு இதுதான்: அமேசான் பேத்தைக்குத் துணைமீன் பரவாயில்லை, பட்டாணி பேத்தைக்கு அதன் கூட்டமே போதும், ஃபஹாகாவும் எம்புவும் தனியாகவே இருக்கட்டும். பல வண்ணங்கள் ஒரே தொட்டியில் ஓட வேண்டும் என்பது நம் ஆசை. அதற்குக் கப்பி இருக்கிறது, பிளாட்டி இருக்கிறது. பேத்தைதான் வேண்டும் என்பவர்கள் துணைமீனுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு சின்னத் தொட்டி வாங்கி அதில் நத்தை வளர்க்கட்டும்.