டொக்டர் ஹூ: வெட்டப்பட்டதால் மிஞ்சியவை

நான் வேலைசெய்யும் உணவகம் மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகரொன்றில் இருக்கிறது. கோப்பை கழுவும் இடத்தில் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர் என்னோடு நிற்பார். அதிகம் பேசமாட்டார். ஆனால் கை வேலைசெய்ய வாய் எப்போதும் ஒரே மெட்டை முணுமுணுக்கும். ஒருநாள் அது என்ன பாட்டென்று கேட்டேன். கையிலிருந்த தாச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டொக்டர் ஹூவைத் தெரியாமல் இந்த நாட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே பிள்ளைகளாக இருந்தவர்கள் பலர் அப்படித்தான் பார்ப்பார்கள். ஏபிசி தொலைக்காட்சி 1965 ஜனவரியில் இத்தொடரைக் காட்டத் தொடங்கியது. பின்னர் வாரநாட்களின் மாலைவேளையில் பழைய கதைகளையும் திரும்பத் திரும்பப் போட்டது. 1976இல் ஏபிசி இதைக் கைவிடப் போகிறதென்று தெரிந்ததும் சிட்னியில் ரசிகர்கள் கூடி எதிர்ப்புக் காட்டினார்கள். டாலெக் என்ற இரும்புக்கூட்டு ஜந்து திரையில் வரும்போது சோபாவுக்குப் பின்னால் ஒளித்த கதையைக் கிழவர் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். நான் பிள்ளையாக இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். நாங்கள் ஒளித்தது பதுங்குகுழிக்குள். ஆகவே இந்தக் கட்டுரை பால்யகால நினைவல்ல. ஆங்கிலம் பழகவென்று இரவு வேலை முடிந்துவந்து பார்க்கத் தொடங்கிய ஒருவனின் அபிப்பிராயம்.

இத்தொடரை ஆங்கிலேயரின் தனிச்சொத்தென்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. 1963 நவம்பர் 23ஆம் திகதி பிபிசியில் தொடங்கிய முதற் கதையை எழுதிய அன்ரனி கோபேர்ண் ஓர் அவுஸ்திரேலியர். கிழவர் முணுமுணுக்கும் மெட்டை அமைத்த ரோன் கிறெய்னர் குவீன்ஸ்லாந்தில் பிறந்தவர். அதை அந்தக் காலத்து ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டீலியா டார்பிஷயர் என்ற பெண். முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர். திட்டத்தை முன்னெடுத்த சிட்னி நியூமன் கனடியர். வெளியிலிருந்து வந்தவர்கள் பலர் சேர்ந்து செய்த பண்டம் இது.

அதன் நாயகனும் வெளியிலிருந்து வந்தவர்தான். தானும் பேர்த்தியும் சொந்தக் கிரகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள் என்று முதற் கதையிலேயே டொக்டர் சொல்கிறார். 1969இல் வந்த 'த வோர் கேம்ஸ்' கதையில் அவருடைய இனத்தவரே அவரை விசாரித்து, முகத்தை மாற்றிப் பூமிக்கு நாடுகடத்துகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, இவர் எங்களில் ஒருவரல்லவா என்று சிநேகிதன் ஒருவன் கேட்டான். அப்படிச் சொந்தம் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. டொக்டர் தன் விருப்பில் ஊரைவிட்டு ஓடியவர். அவரிடம் வாகனம் இருக்கிறது. இறங்கிய இடத்தில் கடவுச்சீட்டைக் கேட்பாரில்லை. அவருடைய முகம் மாறினால் புதிய நடிகர் வந்துவிட்டாரென்று ஊரே கொண்டாடுகிறது. அட்டையிலுள்ள படத்தில் என் முகம் கொஞ்சம் மாறித் தெரிந்தாலே எனக்குக் கேள்விமேல் கேள்வி. மற்றது, பிரபஞ்சத்து உயிர்களுக்கெல்லாம் இடங்கொடுத்த இத்தொடர், 1977இல் வந்த ஒரு கதையில் லண்டன் சீனர் ஒருவரின் பாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகரின் கண்ணுக்கு ஒப்பனை போட்டு ஒப்பேற்றியது. பாசத்தோடு பார்ப்பவர்கள் இதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கவேண்டும்.

இத்தொடரைப்பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்கவைத்தது திரையில் நடந்ததல்ல. அறுபதுகளில் ஒளிபரப்பான கதைகளின் நாடாக்களைப் பிபிசி பின்னர் அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட அங்கங்கள் இல்லாமற் போயின. அதே காலத்தில் அவுஸ்திரேலியத் தணிக்கையாளர்கள், பிள்ளைகளுக்குப் பயங்கரமானவை என்று கருதிய காட்சிகளை வெட்டியெடுத்துவிட்டே ஒளிபரப்ப அனுமதித்தார்கள். வெட்டிய துண்டுகள் கோப்புகளோடு கிடந்தன. 1996இல் இரண்டு ரசிகர்கள் அவுஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். சில அங்கங்களில் இன்று அசையும் படமாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த விநாடிகள் மட்டுமே. காட்டக்கூடாதென்று வெட்டப்பட்டது மிஞ்சியது. காட்டலாம் என்று விடப்பட்டது அழிந்தது. 1981இல் நூலகம் எரிக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவன் இந்தச் செய்தியைச் சும்மா வாசித்துவிட்டுப் போகமுடியாது.

2018 நவம்பரில் 'டீமன்ஸ் ஒவ் த பஞ்சாப்' என்ற அங்கத்தைப் பார்த்தேன். எழுதியவர் வினய் பட்டேல். முதற் பெண் டொக்டரான ஜோடி விற்றேக்கர், தன் தோழி யாஸோடு 1947 ஓகஸ்ற் பஞ்சாப்புக்குப் போய், அவளுடைய பாட்டியின் கல்யாண நேரத்தில் இறங்குகிறார். மணமகள் முஸ்லிம், மணமகன் பிரேம் இந்து. எல்லைக்கோடு அவர்களின் நிலத்துக்கு ஊடாகவே போகிறது. கொலைகாரர் என்று டொக்டர் சந்தேகப்பட்ட வேற்றுக்கிரகவாசிகள் உண்மையில் கொலைகாரரல்லர். தங்கள் கிரகம் அழிந்தபின், யாருமின்றிச் சாகிறவர்களின் பக்கத்தில் நின்று சாட்சியாவதே அவர்களுடைய வேலை. பிரேமைக் கொல்ல வந்தவர்களைக் கூட்டிவந்தவன் அவனுடைய சொந்தத் தம்பி. சகோதரக்கொலை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் எனக்கு டொக்டரோடு கோபம். வரலாற்றை மாற்றினால் யாஸ் பிறக்கமாட்டாள் என்று சொல்லி, பிரேமை விட்டுவிட்டு நடக்கிறார். பின்னால் வெடிச்சத்தம் கேட்கிறது. கதைக்கு அது நியாயம். வல்லமை உள்ளவர்கள் நடந்துபோகும்போது சொல்லும் நியாயங்களை நாங்கள் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று சனம் அவர்களின் வாசலில் நின்று கெஞ்சியது. பஞ்சாப்பில் டொக்டர் போனபின்பும் சாட்சிகள் நின்றார்கள். வன்னியில் சாட்சிகளே முதலில் போனார்கள்.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன் ஒருவன். இருவருமே படிப்பை முடிக்கவில்லை. நான் படகேறினேன். அவன் 2009இல் வன்னியில் செத்தான். எந்த நாள், எந்த இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அந்த அங்கத்தின் முடிவில், சாட்சியாக்கப்பட்டவர்களின் முகங்களோடு பிரேமின் முகமும் சேரும்போது நான் படத்தை நிறுத்திவிட்டேன். மிச்சத்தை ஒரு கிழமை கழித்துத்தான் பார்த்தேன்.

2023இல் தொடர் ஏபிசியைவிட்டுப் போய்விட்டது. அது கிழவருக்குப் பெரிய மனத்தாங்கல். பஞ்சாப் கதையை அவரும் பார்த்திருக்கிறார். ஏன் அது உனக்குப் பிடித்ததென்று கேட்டார். சிநேகிதனைப்பற்றிச் சொன்னேன். பெயர் என்னவென்று கேட்டார். சொன்னேன். இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார், உச்சரிப்புச் சரியாக வரவில்லை.

அவனுடைய பெயரை இங்கே எழுதவில்லை. தாய் இன்னும் ஊரில்தான் இருக்கிறா. அவவுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது. ஆகவே இந்தக் கட்டுரையிலும் ஒரு வெட்டு இருக்கிறது. அதைச் செய்தவன் நான்தான். வெட்டிய துண்டை எறியவில்லை, வைத்திருக்கிறேன்.