குளிர்நீரில் பிறக்கும் தாள்

ஜப்பானியக் கைக்காகிதமான வாஷியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீளநீளமான நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். மெல்லிய தாளுக்கும் அத்தனை உறுதி வருவது அந்த நார்களால்தான்.

கோசோ என்னும் காகித மல்பெரியின் உள்பட்டையை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, கண்ணில் படும் ஒவ்வொரு கருந்துணுக்கையும் விரலால் பொறுக்கி எடுக்கிறார்கள். கை விறைக்கும் வேலை. தாளின் அழகு இங்கேதான் தொடங்குகிறது என்பேன். பிறகு நாரை அடித்துப் பிரித்துத் தொட்டி நீரில் கலக்கி, தோரோரோ-அஓய் என்ற செடியின் வேரிலிருந்து வரும் வழுவழுப்பைச் சேர்க்கிறார்கள். நம் வெண்டைக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. நார் அடியில் தங்காமல் நீரில் பரவி நிற்க அதுவே காரணம். வெப்பத்தில் அந்த வழுவழுப்பு குறைந்துவிடும். ஆகவே நல்ல தாளுக்குப் பருவம் குளிர்காலம். மூங்கில் சல்லடையில் நீரை அள்ளி முன்னும் பின்னும் அசைக்க, ஒன்றன்மேல் ஒன்றாக நார் படிந்து தாளாகிறது.

ஷிமானே, கிஃபு, சைதாமா பகுதிகளின் இந்தக் கலையை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். பழைய ஓவியங்களையும் சுவடிகளையும் செப்பனிட உலகின் பல அருங்காட்சியகங்கள் வாஷியை நாடுகின்றன. ஆனால் கோசோ பயிரிடுவோரும், அந்த மூங்கில் சல்லடையைப் பின்னுவோரும் அருகி வருகிறார்கள். காகிதக் கலைஞரை மட்டும் கௌரவித்தால் போதாது. சல்லடை பின்னுபவருக்கும் நல்ல வருமானம் கிடைக்க வேண்டும்.