அய்யங்குளத்தில் விழுந்த காசு

திருவண்ணாமலையில் காசைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அய்யங்குளத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து இறங்கிய 16 வயதுப் பையன் வேங்கடராமன், கையில் மிச்சமிருந்த 3 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலான தொகையை அந்தக் குளத்தில் வீசி எறிந்தான். அதற்குப் பிறகு பணத்தைக் கையால் தொடவில்லை. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்.

போன மாதம் ஆசிரமத்துக்கு எதிரே, செங்கம் ரோட்டு டீக்கடையில், நாணயம் சேகரிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, 2029-ல பகவானுக்கு 150 வருஷம். மத்திய அரசுகிட்ட ஒரு நினைவு நாணயம் கேக்கலாம்ல? வெளிநாட்டுக்காரங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க. அந்தப் பணத்துல பழைய இடங்களை எல்லாம் பராமரிக்கலாம்." குளத்தில் காசை எறிந்தவர் முகத்தைக் காசில் அடிப்பதா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. 1971-ல் அவருக்குத் தபால் தலையே வந்துவிட்டது. முகம் பிரச்சினை இல்லை. "அந்தப் பணத்துல" என்கிறானே, அங்கேதான் இடிக்கிறது. எந்தப் பணம்?

நமக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு இரண்டு நாணயங்கள் வெளியிட்டார்கள். ஒன்று மஞ்சள் நிற 5 ரூபாய். பஸ்ஸில் சில்லறையாகக் கூட உங்கள் கைக்கு வந்திருக்கலாம். இன்னொன்று 1000 ரூபாய் நாணயம். 35 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி. சேகரிப்பாளர்களுக்காக மும்பை நாணயச் சாலை முன்பதிவு வாங்கி, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்றது. பார்க்க அழகான காசுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிரதியாக அதை வாசித்துப் பாருங்கள். சுவரெல்லாம் தமிழில் பேசும் ஒரு கோயிலுக்கு அடித்த காசில் இந்தியும் ஆங்கிலமும்தான் பேசுகின்றன. (2024-ல் கலைஞர் நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்று தமிழ் எழுத்து ஏறியது. ஆக, மனசு வைத்தால் இடம் கிடைக்கும்.) அதைவிடப் பெரிய மௌனம் ஒன்று உண்டு. கூடுதலாகக் கொடுத்த பணத்தில் இவ்வளவு இந்தக் கோயிலின் கல்லுக்குப் போகும் என்று சொல்லும் ஏற்பாடு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் 1000 ரூபாய் வரை நாணயம் அடிக்கலாம் என்கிறது. விற்ற லாபத்தை நினைவிடத்துக்குக் கொடு என்று எங்கேயும் சொல்லவில்லை. நம் ஊர் நினைவு நாணயம் நினைவுகூரும். பராமரிக்காது.

அமெரிக்காவில் வேறு மாதிரி செய்கிறார்கள். 1986-ல் சுதந்திர தேவி சிலையைப் பழுதுபார்க்க நாணயம் விற்றபோது, ஒவ்வொரு காசின் விலையிலும் ஒரு தனித்தொகையைச் சட்டப்படியே சேர்த்தார்கள். தங்கக் காசுக்கு 35 டாலர், வெள்ளி டாலருக்கு 7, அரை டாலருக்கு 2. வாங்குகிறவனுக்குத் தன் 7 டாலர் எங்கே போகிறது என்று தெரியும். 8 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

உடனே அமெரிக்காவைப் பார் என்று கிளம்பிவிடாதீர்கள். அதே நாட்டில் 1936-ல் ஒரு டஜனுக்கு மேல் நினைவு அரை டாலர்கள் வந்து குவிந்தன. சின்சினாட்டி நகரம் இசை மையமாகி 50 ஆண்டு என்று ஒரு காசு. 50 ஆண்டுக்கு முன்னால் அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. லாபம் ஒரு நாணயச் சேகரிப்பாளருக்குப் போனது. உணர்ச்சியை விற்கலாம் என்று தெரிந்ததும் ஆண்டுவிழாக்களே கற்பனையாக முளைத்தன. பிற்பாடு வருடத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது, பயன்பெறும் அமைப்பு தன் பங்குக்குத் தனியாரிடம் நிதி திரட்டிக் காட்ட வேண்டும் என்றெல்லாம் கடிவாளம் போட்டார்கள்.

உணர்ச்சிக்கு விலை கொடுக்க நம்மிடமும் ஆள் உண்டு. மேலே சொன்ன கலைஞர் நாணயம் 100 ரூபாய் முகமதிப்பு கொண்டது. அண்ணா அறிவாலயத்தில் 10,000 ரூபாய்க்கு விற்றது. ஆகவே 'நம்ம ஊர்ல யாரு வாங்குவா' என்ற சந்தேகம் வேண்டாம். வாங்குவார்கள். கணக்கு கேட்பார்களா என்பதுதான் சந்தேகம்.

இந்த விஷயத்தில் ராஜராஜன் காலத்து ஆட்கள் நம்மைவிடக் கறாரானவர்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் சலிப்பு வருகிற அளவுக்குக் கணக்கு இருக்கிறது. சாமியின் பண்டாரத்திலிருந்து இன்ன ஊர்ச் சபை இத்தனை காசு வாங்கியது, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அந்த வட்டியில் திருமஞ்சன நீருக்கு ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்க வேண்டும் என்று போகிறது. நூறு காசு முதல் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டரைக் காசு. முதல் கரையாது. விளக்குக்கு விட்ட ஆட்டைக்கூட 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். செத்ததுக்குப் பதில் குட்டி வந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். எல்லாம் ஊரே பார்க்கும் சுவரில். நாம் 1000 ரூபாய்க் காசில் அந்தக் கோயிலின் படத்தை அடித்தோம். அதன் சுவரைப் படிக்கவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். அருணாசலேசுவரர் கோயிலை 2002-ல் தொல்லியல் துறை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது ஊர் கொதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் துறை பின்வாங்கியது. கோயில் நம்முடையது என்று சொல்லத் தெரிந்த ஊர் இது. பராமரிப்புக் கணக்கும் நம்முடையதுதானே என்று கேட்கும் சத்தம் அவ்வளவு உரக்க இல்லை.

ஆனால் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் இறங்கிப் பாருங்கள். பாதாள லிங்கம். பூச்சி அரித்துத் தொடையெல்லாம் புண்ணாகியும் தெரியாமல் அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இடம். பின்னால் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது. தலேயார்கான் என்ற பார்சிப் பெண்மணி முன்னின்று திருப்பணி செய்யவைத்தார். 1949-ல் கவர்னர் ஜெனரல் ராஜாஜி வந்து திறந்தார். காசு எதுவும் அடிக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட குகை, ஒரு குறிப்பிட்ட வேலை, பொறுப்பேற்க ஒரு ஆள். அவ்வளவுதான்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப கேக்க வேணாங்கிறீங்களா?" என்றான். கேள், ஆனால் நாணயத்தோடு சேர்த்து ஒரு துண்டுச்சீட்டும் கேள் என்றேன். விருபாட்ச குகைக்கா, ஸ்கந்தாசிரமத்துப் பாதைக்கா, அய்யங்குளத்துப் படிக்கட்டுக்கா. ஒரு காசுக்கு எத்தனை ரூபாய். முதலை யார் வைத்திருப்பார்கள். வட்டியை யார் செலவழிப்பார்கள். அவன் முகம் கொஞ்சம் வாடியது. காசின் பின்பக்கத்தில் மலை வருமா, குகை வருமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்புறம் அவனேதான் ஞாபகப்படுத்தினான். மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வேங்கடராமன் அண்ணனின் காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயிலிருந்து 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, மீதி 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினான்.

"டீக்கு நான் குடுக்கிறேண்ணா" என்று எழுந்தான். கடைக்காரர் கொடுத்த சில்லறையில் மஞ்சள் 5 ரூபாய் ஒன்று இருந்தது. ஆவலாகத் திருப்பிப் பார்த்தோம். சாதாரணக் காசு.