பாட்டை வெட்டாத படம்

தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் பரங்கிமலை வந்ததும் எனக்குக் ‘கண்டிசா’ ஞாபகம் வந்துவிடும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேய வழிபாட்டுப் பாடல் அது. டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு அதைக் கிட்டாரோடும் தபலாவோடும் பாடியது. 2000-இல் வந்த ஆல்பத்துக்கும் அதே பெயர். அந்தக் கிறிஸ்தவர்கள் போற்றும், இயேசுவின் சீடர் தோமா உயிர்விட்டதாக நம்பப்படும் குன்றுதான் பரங்கிமலை. மேலே கோயிலில் பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை இன்றும் இருக்கிறது.

அந்தக் குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா எடுத்த ‘லீவிங் ஹோம்’ 2010 ஏப்ரலில் தியேட்டருக்கே வந்தது. நம் நாட்டில் ஆவணப்படத்துக்கு அது எளிதில் வாய்க்காது. இசைக்குழுப் படங்களில் பெரும்பாலும் இருபது நொடி பாட்டு, உடனே யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள். வர்மா அப்படி வெட்டவில்லை, பாட்டு ஓடட்டும் என்று காத்திருக்கிறார். குழுவின் அசீம் சக்ரவர்த்தி சம்மணமிட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். விரல்கள் ஒரு கணக்கில் ஓட, குரல் அதன்மேல் நிதானமாக நீளும். இதைக் காட்டப் பொறுமை வேண்டும், அது வர்மாவிடம் இருக்கிறது. 2009 டிசம்பர் 25 அன்று அசீம் இறந்தார். தியேட்டரில் பார்த்தவர்கள் அவர் போன பிறகுதான் பார்த்தார்கள். 2013-இல் சுஸ்மித் சென்னும் குழுவிலிருந்து விலகினார். குழுவின் நால்வரும் சேர்ந்திருந்ததற்கு இந்தப் படம்தான் பெரிய சாட்சி.

படத்தின் குறையும் குழுவின் மேலுள்ள அன்பிலிருந்தே வருகிறது. வர்மா ரசிகராகவே இருந்துவிடுகிறார். குழுவின் ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். ‘மா ரேவா’ அந்த ஆற்றங்கரையின் பாட்டு. ‘ஹில்லே ரே’ இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகளிலிருந்து பிறந்தது. இந்தப் பாட்டுகளை முதலில் பாடிய வாய்களையும் நெடுநேரம் கேட்க ஆசைப்பட்டேன். படத்தின் கவனமோ நால்வரைவிட்டு அதிகம் நகரவில்லை. வடிவத்திலும் துணிச்சல் போதாது. ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி டாட் ஹேன்ஸ் 2021-இல் எடுத்த படம் திரையையே பிளந்து, அந்த இசையின் இரைச்சலைக் கண்ணுக்கும் கொண்டுவந்தது. பரிசோதனை இசையைப் பற்றிய வர்மாவின் படம் பழகிய தடத்திலேயே போகிறது.

இருந்தாலும் எனக்கு ஹேன்ஸைவிட வர்மாவே நெருக்கம். பாட்டு முடியும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் அவர். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய, கானா பாடும் சாதி எதிர்ப்பு இசைக்குழுவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சாவு வீட்டில் கானா பாடியவரின் முன்பும் அவர் கேமராவை வைத்துவிட்டு, விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.