'இணைத்துவிட வேண்டும்', சரி, யார் இணைப்பது?

நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்களுக்கு 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வெளியிட்ட வழிகாட்டுதலை சமீபத்தில் வரிவரியாகப் படித்தேன். நான் மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை. ஸ்பெக் படிச்சே பழகின ஆள். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்தக் குறிப்பு.

முதல் பாதி நன்றாகவே இருக்கு. லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், 24 மணி நேரமும் திறந்திருக்கணும், ஆளுக்கு 50 சதுர அடி. 2010-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அழுத்தத்தின் தொடர்ச்சி இது. எங்க அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திண்டுக்கல்லையே எடுத்துக்குங்க. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2.07 லட்சம், அப்படியென்றால் குறைந்தது இரண்டு தங்குமிடம் வேண்டும். இருக்கா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துவிடலாம்.

சிக்கல் இரண்டாம் பாதியில். ரேஷன், பென்ஷன், வங்கிக் கணக்கு, மருத்துவம் எல்லாவற்றோடும் தங்குபவர்களை இணைக்கணும் என்கிறது. யார், எத்தனை நாளைக்குள் என்று எண்ணிப் பார்க்கும்படி எதுவும் இல்லை. ரேஷன் கார்டு ஒரு மாதம் தள்ளிப்போனால் கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கலாம். ஓபியாய்டு ஓவர்டோஸில் அது நடக்காது.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் செய்திகள் தமிழ்நாட்டில் இப்போது புதிதல்ல. அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுபோகும். நலாக்ஸோன் சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும், ஆனால் அதன் வேலை ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆள் பிழைக்கிறார், பழக்கம் அப்படியே இருக்கிறது. சில வாரம் நிறுத்திவிட்டு பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது. அதனால் பிழைத்துவந்த பிறகான நாட்கள்தான் ஆபத்தானவை. பூப்ரனார்ஃபின் மாற்று சிகிச்சை நம் நாட்டில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தினமும் மையத்துக்குப் போகணும். இரவு படுக்க நிலையான இடம் இல்லாதவரால் அது முடியுமா? தங்குமிடமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்க வேண்டியவை.

அடுத்தது பயம். போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் உட்கொள்வதே குற்றம். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் சிகிச்சையை முழுசா முடிக்கலைன்னா அந்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மறுபடி விழுவது இந்த நோயின் இயல்பு என்று தெரிந்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் கனம் புரியும். சாலை விபத்தில் உதவுபவரைக் காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ வந்தது. பக்கத்துப் பாயில் ஒருவர் நீலம் பாரித்துக் கிடக்கும்போது 108-ஐ அழைப்பவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலம் 2007-லேயே இதற்கென்று சட்டம் போட்டது.

நான் கேட்பது மூன்றே வரி. ஒன்று, தங்குமிடக் காப்பாளருக்கு மூச்சுத் திணறலை அடையாளம் காணவும், நலாக்ஸோன் கொடுக்கவும் பயிற்சி. ஓவர்டோஸை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் கையில் இந்த மருந்து இருக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. இரண்டு, மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை இரண்டு நாளைக்குள் சிகிச்சை மையத்துக்குக் கூடவே கூட்டிப்போக பெயர் குறித்த ஒரு ஆள். மூன்று, மறுபடி விழுந்தார் என்பதற்காகப் படுக்கையைப் பறிக்கக் கூடாது.

பெரிய பட்ஜெட் கேட்கும் வரிகள் இல்லை இவை. சதுர அடியை அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, 'யார்' என்று எழுதுவதா கஷ்டம்?