பேச்சுக்குச் சொன்னதா?

ஓர் இலக்கியக் கூட்டம். சத்தம் கூடிப்போச்சு. மேடையில் இருந்தவர் அதட்டினார்: "என்னய்யா இது, சேரியாட்டம்!" நான் எழுந்து கேட்டேன். "அட, அது ஒரு உவமை தோழரே. பேச்சுக்குச் சொன்னது. நீங்க ஏன் ஒங்க மேல எடுத்துக்கிறீங்க?" என்றார். கூட்டம் சிரிச்சது.

இந்தச் சமாதானத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மனசு முதலில் நேர்ப்பொருளைப் பார்க்கும், அது பொருந்தாவிட்டால்தான் உருவகத்துக்குப் போகும், வேண்டாமென்றால் ஒதுக்கிவிடலாம் என்கிற நம்பிக்கை. 1982இல் உளவியலாளர் சாம் குளுக்ஸ்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். வாக்கியங்களைக் காட்டி, சொல்லுக்குச் சொல் உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்டார்கள். 'சில வேலைகள் சிறைச்சாலைகள்' என்பது சொல்லுக்குச் சொல் பொய்தான். ஆனால் இப்படிப்பட்டவற்றைப் பொய்யென்று தள்ள, வெறும் பொய்களைத் தள்ளுவதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. யாரும் கூப்பிடாமலே உருவகம் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்றைய கூட்டத்திலும் இதுதான் நடந்தது. சேரி என்றால் ஒழுங்கு கெட்ட இடம் என்று யாரும் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படவும் இல்லை. சொன்னவருடைய நோக்கத்தை நாம் விசாரிக்கிறதுக்கு முன்னாடியே உவமை தன் வேலையை முடிச்சிருச்சு. சிரிப்பே சாட்சி.

தொல்காப்பிய உவமவியல், உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்கணும் என்கிறது. உவமை பிறக்கும் இடங்களில் இழிவையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. எது உயர்வு, எது இழிவு என்று தீர்மானித்தது யார்? நிலாவுக்கும் தாமரைக்கும் உரை எழுதிக் குவித்த பண்டிதர்கள் இதைக் கேட்டதாக நான் படித்ததில்லை. இழிவுக்கு உவமை தேடுகிறவர்களுக்கு எங்கள் தெரு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' இதைத் திருப்பிப் போட்டது. பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பமாக அறுக்கும். அதைக் கையால் பிடிச்சு ரத்தம் பார்த்தவங்களுக்கு அந்தத் தலைப்பைப் புரிஞ்சுக்க அகராதி வேண்டாம். உவமை எங்கள் உழைப்பிலிருந்து வருகிறது. அது அளப்பது சாதியின் கொடுமையை.

ஆகவே விமர்சகர்கள் உவமை அழகா என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். யாரை அளவுகோலாக்கி யாரை அளக்கிறது என்றும் கேளுங்கள். 'பேச்சுக்குச் சொன்னது' என்று வாய் கடந்து போகலாம். கேட்ட மனசு கடந்து போவதில்லை.